அந்த இன்னொரு கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்

"அனுப்பிட்டேன், சக்ஸஸ்னு காட்டுது, எக்ஸ்சேஞ்ச்ல மட்டும் பேலன்ஸ் ஏறவே இல்லை. பணம் எங்க போச்சு?"

கிரிப்டோ பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது இதைத்தான். என்ன காயின் என்று கேட்டால் பெரும்பாலும் எக்ஸ்ஆர்பி என்பார்கள். சிலர் ஸ்டெல்லரின் எக்ஸ்எல்எம் என்பார்கள். அண்மைக் காலமாக டெலிகிராம் வழியாகப் பரவிய டான் நெட்வொர்க்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "டேக் போட்டீங்களா?" என்றால், "அட்ரஸ் சரியாத்தான் போட்டேன். கீழே இன்னொரு கட்டம் இருந்துச்சு, ஆப்ஷனல்னு போட்டிருந்துச்சு, விட்டுட்டேன்" என்று பதில் வரும்.

அந்த இன்னொரு கட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டேக் போட மறக்காதீர்கள் என்று எல்லா எக்ஸ்சேஞ்சும் ஒரு வரி எழுதித்தான் வைத்திருக்கிறது, சிவப்பு எழுத்திலும்கூட. அப்படியும் தவறிப்போகிறது. அதை ஏன் போடவேண்டும், போடாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

பிட்காயினிலிருந்து தொடங்குவோம். பிட்காயினில் புது முகவரி உருவாக்கச் செலவே கிடையாது. ஒரே மூலச் சாவியிலிருந்து எத்தனை லட்சம் முகவரி வேண்டுமானாலும் வரிசையாகப் பிறப்பித்துக்கொள்ளலாம். அதனால் எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி முகவரி தந்துவிடுகிறது. அந்த முகவரிக்கு வந்த பணம் அவருடையது. அதற்குமேல் கேள்வியே இல்லை. ஈதரியத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

எக்ஸ்ஆர்பி லெட்ஜர் வேறு மாதிரி. டேவிட் ஷ்வார்ட்ஸ், ஜெட் மெக்காலெப், ஆர்தர் பிரிட்டோ ஆகிய மூவரும் உருவாக்கி 2012-இல் ஓடத் தொடங்கிய லெட்ஜர் அது. அதில் ஒரு கணக்கு உயிர்பெற வேண்டுமானால் குறிப்பிட்ட தொகையை அந்தக் கணக்கிலேயே இருப்பாக விட்டுவைக்க வேண்டும். செலவில்லாமல் கோடிக்கணக்கான கணக்குகளைத் திறந்து லெட்ஜரை யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. இந்த இருப்பு 20 எக்ஸ்ஆர்பியாக இருந்து, 2021-இல் 10 ஆகி, 2024 டிசம்பரில் 1 ஆகக் குறைந்தது. தலைக்கு 10 எக்ஸ்ஆர்பி என்று இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனிக் கணக்கு திறந்தால் ஒரு கோடி எக்ஸ்ஆர்பி சும்மா முடங்கிக் கிடக்கும். எந்த நிறுவனம் அதைச் செய்யும்?

ஆகவே எக்ஸ்சேஞ்ச் ஒரே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் அதே முகவரிதான். யாருடைய பணம் என்று பிரித்துப் பார்க்க ஆளுக்கொரு எண் தருகிறது. அதுதான் டெஸ்டினேஷன் டேக். கல்லூரிக் கட்டணம் கட்டும்போது எல்லா மாணவர்களும் கல்லூரியின் ஒரே வங்கிக் கணக்கில்தான் கட்டுகிறார்கள். சலானில் பதிவு எண் எழுதினால்தான் அது உங்கள் பிள்ளையின் கட்டணமாக வரவாகும். எழுதாவிட்டாலும் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பிள்ளையின் பெயரில் மட்டும் பாக்கி நிற்கும். எக்ஸ்ஆர்பியிலும் அதேதான் நடக்கிறது.

சக்ஸஸ் என்று காட்டுவதற்கு அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பேரேடுகள் இருக்கின்றன. ஒன்று எக்ஸ்ஆர்பி லெட்ஜர். இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு போயிற்று என்பது மட்டும் அதற்குத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்து விநாடிக்குள் அதை முடித்துவிடும், முடித்ததை யாராலும் திருப்ப முடியாது. இன்னொன்று எக்ஸ்சேஞ்ச் தனக்குள் வைத்திருக்கும் பேரேடு. உங்கள் ஆப்பில் தெரியும் பேலன்ஸ் அதிலிருந்துதான் வருகிறது. முதல் பேரேட்டில் நடந்ததை இரண்டாவது பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதவைக்கும் ஒரே தொடர்பு அந்த டேக். அது அறுந்தால் லெட்ஜரில் சக்ஸஸ், ஆப்பில் பூஜ்யம், இரண்டுமே உண்மைதான்.

இந்த உள்பேரேட்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் உள்ள "உங்கள்" எக்ஸ்ஆர்பி எதுவும் உங்கள் பெயரிட்ட பெட்டியில் இல்லை. எல்லாம் பொதுவில் கிடக்கிறது. உங்களுக்கு இவ்வளவு என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு நினைவிருக்கலாம். கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொன்ன உத்தரவு அது. அந்த வழக்கும் ஒரு முதலீட்டாளர் எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்த 3,532 எக்ஸ்ஆர்பியைப் பற்றியதுதான். அங்கே பிரச்சினை ஹேக்கிங். டேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்சின் பொதுக் குவியலில் உங்கள் பங்கு எது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை அந்த வழக்கு காட்டியது. டெபாசிட் செய்யும்போது அந்தப் பங்கை எழுதிக்கொடுப்பவர் நீங்கள்தான், டேக் வழியாக.

இனி சொல்லப்போவதுதான் என் கணக்கில் மிக முக்கியம். டேக்கை விட்டுவிடுவதைவிடத் தப்பாகப் போடுவது மோசம்.

எக்ஸ்ஆர்பி முகவரி 'ஆர்' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கி நீளமாகப் போகும். அதற்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. முகவரியின் கடைசிப் பகுதி, முன்பகுதியிலிருந்து கணக்கிட்டு வருவது. நடுவில் ஒரு எழுத்து மாறினால் கணக்கு உதைக்கும். வாலட் "முகவரி தவறு" என்று அனுப்பவே விடாது. ஸ்டெல்லர் முகவரியிலும் இப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. எழுத்துப் பிழையால் எக்ஸ்ஆர்பி வேறு எங்கோ போய்விட்டது என்று நீங்கள் அதிகம் கேள்விப்படாததற்குக் காரணம் இதுதான்.

டேக்குக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லை. அது வெறும் எண். 0 முதல் 4,29,49,67,295 வரை எந்த எண்ணும் செல்லும். 7-க்குப் பதில் 1 என்று அடித்தாலும் லெட்ஜர் வாங்கிக்கொள்ளும். அந்த எண் அதே எக்ஸ்சேஞ்சில் வேறொருவருடையதாக இருந்தால் பணம் தானாகவே அவர் கணக்கில் ஏறிவிடும். அவர் அதை அடுத்த நிமிடம் விற்று எடுத்துக்கொண்டும் போகலாம். டேக்கே இல்லாமல் வந்த பணம் எக்ஸ்சேஞ்சின் கையில் உரிமை கோரப்படாமல் நிற்கும். கேட்டு வாங்க வழி இருக்கிறது. இன்னொருவர் கணக்கில் ஏறிய பணத்தை அவர் சம்மதமில்லாமல் எடுத்துத் தர எக்ஸ்சேஞ்ச் தயங்கும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள்.

ஆகவே டேக்கை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். காப்பி செய்து ஒட்டுங்கள். ஒட்டியபிறகு ஒவ்வொரு இலக்கமாக, டெபாசிட் திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முகவரியின் முதல் நாலு, கடைசி நாலு எழுத்தைப் பார்த்தால் போதும் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அது டேக்குக்கு ஆகாது. டேக்கை முழுதாகப் பார்க்கவேண்டும். வாட்ஸப்பில் நண்பர் அனுப்பிய பழைய ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து எடுப்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டில் உள்ள டேக் நண்பருடையது, உங்களுடையதல்ல. "ஒரே எக்ஸ்சேஞ்ச்தானே, முகவரியும் ஒன்றுதானே" என்று நினைத்து அதையே பயன்படுத்தியவர்களை நான் அறிவேன்.

கியூஆர் கோடிலும் ஒரு சிக்கல். டெபாசிட் பக்கத்தில் சில எக்ஸ்சேஞ்சுகள் இரண்டு கியூஆர் காட்டும்: ஒன்று முகவரிக்கு, ஒன்று டேக்குக்கு. முதலாவதை மட்டும் ஸ்கேன் செய்தால் முகவரி நிரம்பும், டேக் கட்டம் காலியாகவே இருக்கும். ஸ்கேன் செய்துவிட்டோம், எல்லாம் வந்திருக்கும் என்று நம்பி அனுப்பிவிடுகிறோம். யூபிஐயில் ஸ்கேன் செய்து பழகிய கை நமக்கு.

யூபிஐ பழக்கம் இன்னொரு இடத்திலும் நம்மைத் தடுமாறவைக்கிறது. ஜிபேயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். "வாடகை", "அம்மா மருந்து" என்று எழுதலாம், எழுதாமலும் விடலாம். பணம் போய்ச் சேர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டெல்லரில் அந்தக் கட்டத்துக்குப் பெயர் மெமோ. அதைப் பார்த்ததும் இதுவும் அப்படி ஒரு குறிப்புதான் என்று நினைப்பது இயல்பு. எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது அது குறிப்பே அல்ல, முகவரியின் மறுபாதி. அங்கே உங்கள் சொந்த வார்த்தை எதுவும் எழுதக் கூடாது.

ஸ்டெல்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் வழுக்கும் இடங்கள் அதிகம். எக்ஸ்ஆர்பி லெட்ஜரை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜெட் மெக்காலெப் 2014-இல் ஜாய்ஸ் கிம்முடன் சேர்ந்து தொடங்கியது அது. ஒரே முகவரியை எல்லோருக்கும் தந்து, ஒரு குறியால் பிரிக்கும் ஏற்பாடு அங்கும் உண்டு. ஆனால் எக்ஸ்ஆர்பியின் டேக் எண் மட்டும்தான். ஸ்டெல்லரின் மெமோவில் பல வகை. எழுத்து வகையில் 28 பைட் வரை இடம். எண் வகை தனி. 32 பைட் ஹேஷ் வகைகளும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் தந்த மெமோ எந்த வகை என்று பார்த்து, அனுப்பும் வாலட்டிலும் அதே வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எண் வகையில் 00451 என்று அடித்தால் அது 451-தான். எழுத்து வகையில் 00451 வேறு, 451 வேறு. முன்னால் உள்ள பூஜ்யங்களுக்கும் மதிப்பு உண்டு. காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் இடைவெளிகூட எழுத்து வகையில் மெமோவை மாற்றிவிடும், கண்ணுக்கும் தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் அப்படித்தான். ஒட்டியபிறகு கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்ஆர்பியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. எக்ஸ்ஆர்பி பரிவர்த்தனையில் டெஸ்டினேஷன் டேக் என்றும் ஒரு இடம் உண்டு, மெமோ என்றும் ஒரு இடம் உண்டு. இரண்டும் வேறு வேறு. எக்ஸ்சேஞ்சின் மென்பொருள் படிப்பது டேக்கை மட்டும்தான். சில வாலட்டுகள் இரண்டு கட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டும். சரியான எண்ணை மெமோ கட்டத்தில் போட்டுவிட்டு, டேக்கைக் காலியாக விட்டால், உங்கள் எண் லெட்ஜரில் எல்லோர் கண்ணிலும் படும்படி பதிவாகி இருக்கும். ஆனாலும் பணம் ஏறாது. இந்த மாதிரி ஆனவர்கள் சப்போர்ட்டுக்கு எழுதும்போது அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் உங்கள் எண் அந்தப் பரிவர்த்தனையிலேயே இருப்பது உங்களுக்கு நல்ல சாட்சி.

எந்தக் காயினுக்கு டேக் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். நான் தருவதில்லை. காயினைப் பார்த்து முடிவு செய்வதே தவறான வழி. பார்க்கவேண்டியது நெட்வொர்க்கை. யூஎஸ்டிசியை ஈதரியத்தில் அனுப்பினால் மெமோ கிடையாது. அதே யூஎஸ்டிசியை ஸ்டெல்லரில் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் மெமோ கேட்கும். யூஎஸ்டிடி டிரான் வழியாகப் போனால் வேண்டியதில்லை. டான் வழியாகப் போனால் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் வேண்டும், அங்கே வாலட்டில் கமெண்ட் என்ற கட்டத்தில் அதைப் போடவேண்டியிருக்கும். ரிப்பிள் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்எல்யூஎஸ்டி ஈதரியத்திலும் இருக்கிறது, எக்ஸ்ஆர்பி லெட்ஜரிலும் இருக்கிறது. இரண்டாவதில் போனால் டேக் பிரச்சினை அதற்கும் வரும். காஸ்மோஸ், ஹெடெரா ஆகியவற்றிலும் எக்ஸ்சேஞ்சுகள் மெமோ கேட்கும்.

பழைய வழிகாட்டிகளை நம்பவும் வேண்டாம். பிஎன்பிக்கு மெமோ கட்டாயம் என்று பல யூடியூப் வீடியோக்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அது பீக்கன் செயின் என்ற பழைய நெட்வொர்க்குக்கு. அதை 2024-இல் மூடிவிட்டார்கள். இப்போது பிஎன்பி ஓடும் ஸ்மார்ட் செயினில் மெமோ இல்லை. மொனேரோவில் ஒரு காலத்தில் 64 எழுத்து நீளத்துக்குப் பேமெண்ட் ஐடி என்று தனியாகப் போட்டார்கள். அதையும் கைவிட்டாயிற்று, அந்த அடையாளத்தை முகவரிக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். உங்களுக்கு வழிகாட்டி ஒன்றே ஒன்று: பணம் போகவேண்டிய எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் பக்கம், அன்றைக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்கில் என்ன காட்டுகிறதோ அதுதான். டேக் காட்டினால் போடுங்கள். காட்டாவிட்டால் வேண்டாம். அந்தப் பக்கத்தையே தராமல் "டெபாசிட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு காயின் விற்பனைப் பட்டியலில் இருப்பதும், வெளியிலிருந்து டெபாசிட் வாங்கிக்கொள்வதும் வேறு வேறு.

எதிர்த்திசைக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு எடுக்கும்போது டேக் தேவையில்லை. அந்த முகவரியில் நீங்கள் ஒருவர்தான், பிரித்துப் பார்க்க ஆளில்லை. படிவம் டேக் கேட்டு அடம்பிடித்தால் "டேக் இல்லை" என்று தேர்வு செய்ய ஒரு கட்டம் இருக்கும். சொந்த வாலட்டா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: தொடங்கும்போது 12 அல்லது 24 சொற்களை எழுதிவைக்கச் சொன்னார்களா? எக்ஸ்ஆர்பிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ஸாமன் வாலட்டில் சொற்களுக்குப் பதில் எட்டு வரிசை எண்கள் தருவார்கள். அப்படி ஒரு ரகசியம் உங்கள் கையில் இருந்தால் அது உங்கள் வாலட். மொபைல் எண்ணும் ஓடிபியும் மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கு திறந்த ஆப் என்றால் பெரும்பாலும் பணம் அவர்கள் கையில் இருக்கிறது. அங்கே டெபாசிட் செய்ய டேக் கேட்கும் வாய்ப்பு அதிகம். புதிதாகத் திறந்த எக்ஸ்ஆர்பி வாலட்டுக்கு முதல் தடவை 1 எக்ஸ்ஆர்பிக்குக் குறையாமல் அனுப்புங்கள். குறைவாக அனுப்பினால் கணக்கு உயிர்பெறாது, பரிவர்த்தனை தோற்றுப்போகும்.

முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்க்கும் பழக்கத்தை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். லெட்ஜர் வாங்கும் கட்டணம் 0.00001 எக்ஸ்ஆர்பிதான்; அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் தன் பங்குக்கு வாங்கும் வித்ட்ராயல் கட்டணம் அதைவிட எத்தனையோ மடங்கு. அதையும் கொடுத்துவிடுங்கள். பெரிய தொகை சிக்கிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. சோதனைத் தொகை அந்த எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச டெபாசிட்டுக்கு மேலே இருக்கவேண்டும், அதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அதற்குக் கீழே வந்தது ஏறவே ஏறாது. டேக் சரியாக இருந்தும் தப்பென்று நினைத்துக் குழம்புவீர்கள். சிறு தொகை ஆப்பில் ஏறியதைக் கண்ணால் பார்த்தபிறகு, அதே முகவரிக்கு, அதே டேக்கோடு மீதியை அனுப்புங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஒருவருக்குத் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில், இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். டேக்கோடு மறுபடி அனுப்பினால் பழையதும் சேர்ந்து வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், வராது. எக்ஸ்ஆர்பி என்றால் எக்ஸ்ஆர்பிஸ்கேன், பித்தோம்ப் போன்ற தளங்களில் உங்கள் பரிவர்த்தனையின் 64 எழுத்து ஹேஷைப் போட்டுப் பாருங்கள். ஸ்டெல்லருக்கு ஸ்டெல்லர் எக்ஸ்பர்ட் இருக்கிறது. போய்ச் சேர்ந்த முகவரி எக்ஸ்சேஞ்ச் தந்ததுதானா, டேக் என்ற வரி இருக்கிறதா, இருந்தால் என்ன எண் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பணம் போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சின் ஆப்புக்குள்ளிருந்தே சப்போர்ட் டிக்கெட் போடுங்கள். அனுப்பிய இடத்தில் கேட்டுப் பயனில்லை. அவர்கள் வேலை முடிந்துவிட்டது. ஹேஷ், தொகை, நாள், நேரம், உங்களுக்குரிய சரியான டேக், அனுப்பிய இடத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் முதல் டிக்கெட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அரைகுறையாக எழுதினால் கேள்வியும் பதிலுமாகவே வாரங்கள் ஓடும். தவறான டேக் போட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அந்த இன்னொருவர் பணத்தை எடுப்பதற்குள் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.

அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள வேண்டாம். 2023 மார்ச்சிலிருந்து இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பெயர் தெரியாமல் வந்து கிடக்கும் பணத்தை ஒருவர் பெயரில் எழுதுவதற்கு முன் அது அவருடையதுதான் என்று அவர்கள் உறுதிப்படுத்திக்கொண்டாகவேண்டும். சொந்த வாலட்டிலிருந்து அனுப்பியிருந்தால், அது உங்களுடையதுதான் என்று காட்ட அதே முகவரியிலிருந்து ஒரு சிறு தொகையை மறுபடி அனுப்பச் சொல்லக்கூடும். அவர்கள் டிக்கெட்டில் எழுத்தில் கேட்டால் மட்டும் அனுப்புங்கள், டேக்கோடு. மீட்டுத் தருவதற்குக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே என்றால் எடுத்துத் தருவதில்லை என்று விதி வைத்திருப்பவர்களும் உண்டு.

"டேக் இல்லாமல் வந்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் வேறொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், லெட்ஜரில் அனுப்பியவராகத் தெரிவது அந்த எக்ஸ்சேஞ்சின் பொது வாலட். அங்கே திருப்பி அனுப்பினால் மறுபடி டேக் இல்லாத பணமாக அங்கே போய்க் கிடக்கும். அதனால்தான் தானியங்கியாகத் திருப்புவதில்லை.

இந்தக் காத்திருப்பின்போதுதான் இரண்டாவது ஆபத்து வரும். மனம் பதறி டெலிகிராம் குழுவிலோ எக்ஸ் தளத்திலோ "என் பணம் ஏறவில்லை" என்று எழுதுவீர்கள். சில நிமிடங்களில் எக்ஸ்சேஞ்சின் சின்னத்தைப் படமாக வைத்த ஒருவர் தனிச்செய்தியில் வருவார். அன்பாகப் பேசுவார். வாலட்டை "சரிபார்க்க" ஓர் இணைப்பு தருவார், 12 சொற்களைக் கேட்பார், அல்லது திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார். டேக் பிரச்சினையைத் தீர்க்க உங்கள் ரகசியச் சொற்கள் யாருக்கும் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சுக்குக்கூடத் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சின் உள்பேரேட்டைத் திருத்த எக்ஸ்சேஞ்சைத் தவிர வெளியாள் எவராலும் முடியாது. "மீட்டுத் தருகிறேன்" என்று வருகிற அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டேக் மறந்ததில் போனது பெரும்பாலும் திரும்பி வரும். இவர்களிடம் போனது வராது.

பழியை எல்லாம் பயனாளர் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை. இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. எக்ஸ்ஆர்பி லெட்ஜரில் ஒரு கணக்குக்காரர் "டேக் இல்லாமல் எனக்கு வரக் கூடாது" என்று ஓர் அமைப்பை இயக்கி வைக்கலாம். அப்புறம் டேக் இல்லாமல் அனுப்பினால் லெட்ஜரே மறுத்துவிடும். கட்டணம் மட்டும்தான் போகும், பணம் அனுப்பியவரிடமே இருக்கும். ஸ்டெல்லரிலும் மெமோ கட்டாயம் என்று கணக்கில் குறித்துவைக்கலாம், ஆனால் அதைப் படித்துத் தடுக்கவேண்டியது அனுப்பும் வாலட். இந்த இரண்டும் டேக் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், சரிதானா என்று பார்க்காது. அதற்கும் வழி இருக்கிறது. முகவரியையும் டேக்கையும் ஒன்றாகக் கட்டி, இரண்டுக்கும் சேர்த்துச் சரிபார்ப்புக் கணக்கு வைத்த எக்ஸ்-முகவரி 2019-இலேயே வந்தது. ஆங்கிலப் பெரிய 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும். ஸ்டெல்லரில் 'எம்' எழுத்தில் தொடங்கும் முகவரிகள் அதே வேலையைச் செய்கின்றன. ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு காப்பி-பேஸ்ட், ஒரு எழுத்து மாறினாலும் வாலட் பிடித்துவிடும். இத்தனை ஆண்டுகளாகியும் இன்னும் பரவலாக வரவில்லை. எல்லா வாலட்டும் எல்லா எக்ஸ்சேஞ்சும் ஒன்றாக மாறவேண்டும், யாரும் முதலில் மாறவில்லை. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: எக்ஸ்-முகவரிக்கு நேரமாகும் என்றால் பரவாயில்லை, டேக் கட்டாயம் என்ற அமைப்பையாவது உங்கள் டெபாசிட் கணக்கில் இயக்குங்கள். வாலட் செய்கிறவர்கள், தெரிந்த எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு முன்னால் "ஆப்ஷனல்" என்ற சொல்லைக் காட்டாதீர்கள்.

வரி விஷயமும் கொஞ்சம். உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றுவது விற்பனை அல்ல. ஆனால் 2022-இல் வந்த விதிப்படி கிரிப்டோவில் வந்த லாபத்துக்கு 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. விற்று வந்த நஷ்டத்துக்கே இந்த நிலை. டேக் தவறி இழந்ததற்கு வருமான வரியில் ஆறுதல் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சிலும் வாலட்டிலும் சேமித்து வைத்திருக்கும் முகவரிப் பட்டியலைத் திறந்து, எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர், டான் வரிசைகளில் டேக் அல்லது மெமோ சேர்த்துச் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு எதிரே டேக் இல்லாத வரி ஏதாவது இருந்தால் அதை அழித்துவிடுங்கள். டெபாசிட் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, இரண்டையும் காப்பி செய்து சேமித்து, ஒரு சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள்.